வில்ஹோ கல்லியோ லினக்ஸ் போடுகிறார், எடுக்கிறார்

கணினியின் பொத்தானை அமுக்கிய மறுகணமே வில்ஹோ கல்லியோவின் ஆள்காட்டி விரல் விசைப்பலகையின் மேல் வரிசைக்குப் போய் எஃப் பன்னிரண்டைக் குத்த ஆரம்பித்துவிடுகிறது. டக் டக் டக் டக். ஒரு தடவை அமுக்கினால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்வதில்லை. "ஒரு தடவ கூப்பிட்டா எவன் திரும்பிப் பாக்கறான், சொல்லு தம்பி. என் பொண்டாட்டியே பாக்கமாட்டா" என்கிறார். திரையில் லினக்ஸின் சின்னமான பென்குவின் தலைகாட்டுகிற வரை விரல் நிற்காது. காதுமூடி வைத்த தொப்பியும் தலையை விட்டு இறங்காது.

உறைந்த கால்வாயில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிற எல்லாரையும் போல அவரும் கழுத்தில் ஒரு கயிறு போட்டு, அதில் மரப்பிடி வைத்த இரண்டு கூர் ஆணிகளை மாட்டியிருக்கிறார். பனி உடைந்து உள்ளே விழுந்தால் அவற்றைக் குத்திக் குத்தித்தான் மேலே ஏறி வர வேண்டும். வில்ஹோ அதே கயிற்றில் லினக்ஸ் அடங்கிய ஒரு பென் டிரைவையும் கட்டியிருக்கிறார். கணினி விழுந்தால் ஏற்றிவிட அது. தேவாலயத்துக்கும் இந்த அலங்காரத்தோடுதான் வருவார். திருவிருந்து வாங்கக் குனிகையில் மூன்றும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும். போதகர் பழகிவிட்டார்.

மாவட்டத்தின் பனிவாரும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். நான் அடுத்த வீடு. இந்தத் தெருவுக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், என் கார் எந்தப் பனிமேட்டுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர்தான். கண்டுபிடித்த கையோடு வீட்டுக்குள் வந்து, என் கணினியைப் பார்த்து, "இது ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் என் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸும் இருந்தது. நான் வேண்டும் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊரில் எவர் வீட்டுக் கணினி மெதுவாக ஓடுகிறது என்பது எப்படியோ அவர் காதுக்குப் போய்விடும். மறுநாள் காலை செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட மீனோடு வாசலில் நிற்பார். மீனை வாங்கிக்கொண்டால் லினக்ஸையும் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். காப்பி கேட்பார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, காப்பியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சியபடி, தான் செய்யப்போவதை விளக்குவார். கேட்பவர் எண்பது வயதுக் கிழவியானாலும் விளக்கம் குறையாது.

"ஒனக்கு நாப்பது ஏக்கர் காடு இருக்கு. பசங்க ரெண்டு பேரு. என்ன பண்ணுவ? நடுவுல வேலி போடுவ. இந்தப் பக்கம் அண்ணன், விண்டோஸ். அந்தப் பக்கம் தம்பி, லினக்ஸ். அவன் மானு இங்க வரக்கூடாது, இவன் மானு அங்க போகக்கூடாது. புரியுதா? இப்ப வாசல்ல ஒரு ஆளு நிக்கணும். நீ கம்ப்யூட்டரப் போட்டதும் அவன் முன்னால வந்து, அண்ணன் வீட்டுக்கா, தம்பி வீட்டுக்கான்னு கேப்பான். கேட்டுட்டுப் பத்து எண்ணுவான். நீ வாயத் தொறக்கலன்னா அவனே தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவான். ஏன்னா அவன் தம்பி கூட்டியாந்த ஆளு. சோறு, தூக்கம் எல்லாம் தம்பி வீட்லதான்."

இவ்வளவு சொல்லிவிட்டு எஃப் பன்னிரண்டைக் குத்தத் தொடங்குவார். முடிந்ததும் அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு பென் டிரைவ் கொடுத்து, சமையலறைக் கதவோர ஆணியில் சாவி மாதிரி மாட்டிவைக்கச் சொல்லிவிட்டுப் போவார். போதகர் அதில் பிரசங்கங்களை ஏற்றிக்கொண்டார். நான் காரில் கேட்கப் பாட்டு ஏற்றினேன்.

போடுவதில் இருக்கிற இந்தச் சந்தோஷம் எடுப்பதில் இல்லை. சில வாரங்களில் எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வந்துவிடும். காரணம் என்றைக்கும் பிரிண்டர்தான்; லினக்ஸ் வந்தால் அது ஓடாது. எடுக்க வரும்போது மீன் வராது. காப்பி கொடுத்தாலும் குடிக்க மாட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பிரிண்டரா?" என்று ஒரே வார்த்தை கேட்பார். நாம் தலையை ஆட்டுவோம். "ஒயரப் புடுங்கித் திரும்பச் சொருகிப் பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்று எல்லாரும் பொய் சொல்வோம். அதற்கப்புறம் அவர் பேசுவது கணினியோடு மட்டும்தான்.

எடுப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருக்கிறது. "மொதல்ல வாசல்காரன வேலய விட்டு அனுப்பணும். வாசல அண்ணங்கிட்ட ஒப்படைக்கணும். அப்புறந்தான் தம்பி வீட்ட இடிக்கணும். மாத்திப் பண்ணினியோ, தொலஞ்ச." என் வீட்டில் இரண்டாம் தடவை எடுத்தபோது இதை என்னை வாய்விட்டுச் சொல்லவும் வைத்தார். அவர் பனிவாரும் லாரி ஓட்டிய காலத்தில், பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியைத் தொட்டதே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற பெருமையைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

இவ்வளவு பாடும் எதற்காக என்றால், லினக்ஸை எழுதியது ஒரு ஃபின்லாந்துப் பையன் என்பதற்காக. அது ஒன்றுதான் காரணம். வில்ஹோவின் தாத்தா ஃபின்லாந்திலிருந்து கடல் தாண்டி இந்த ஊர்ச் செம்புச் சுரங்கத்துக்கு வந்தவர். "ஹெல்சிங்கில ஒக்காந்துக்கிட்டு நம்ம பையன் ஒருத்தன் எழுதினது. எழுதிட்டு, எல்லாரும் சும்மா எடுத்துக்கங்கன்னுட்டான். வேற எவனாவது செய்வானா? ஸ்வீடன்காரன் செய்வானா? ரசீது புக்கோடல்ல வந்து நின்னிருப்பான்" என்று யாரிடம் பேசினாலும் இங்கே கொண்டுவந்து முடிப்பார்.

இதைச் சொல்லும்போது மனைவி டார்லீன் பக்கத்தில்தான் இருப்பார். டார்லீன் பிறந்தது லிண்ட்க்விஸ்ட் குடும்பத்தில். அப்பழுக்கில்லாத ஸ்வீடன் வம்சம். "வீட்டுக்கு ஒரு ஸ்வீடன் போதும்" என்பது வில்ஹோவின் கட்சி. "ஒண்ணே ஒனக்கு அதிகம்" என்பது டார்லீனின் பதில்.

வீட்டில் இருப்பது ஒரே கணினி. அதை நம்பித்தான் டார்லீனின் பெயர் தைக்கும் மெஷின் இருக்கிறது. தீயணைப்புக்காரர்களின் கோட்டு, பந்துருட்டும் குழுவின் சட்டை, குழந்தைகளின் போர்வை என்று ஊரில் எங்கே நூலால் எழுதிய பெயரைப் பார்த்தாலும் அது டார்லீன் தைத்தது. எழுத்துகளைக் கணினியில் அடுக்கி மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பாழாய்ப்போன மெஷினுக்கு அண்ணன் வீட்டுப் பேச்சு மட்டும்தான் புரியும். வாசல்காரனோ பத்து எண்ணி முடித்தால் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறவன். ஆகவே டார்லீன் கணினியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவார். நினைவு வந்து மாவுக் கையோடு ஓடிவந்து கீழ் அம்பு விசையை அமுக்குவார். அந்த ஒரு விசை மட்டும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். விண்டோஸை முதலில் வைக்கச் சொல்லி அவர் கேட்காத நாள் இல்லை. "ஓடினா ஒடம்புக்கு நல்லது" என்பார் வில்ஹோ.

எல்மர் ஸ்டென்பெர்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டியவர், மனைவியை இழந்தவர், டார்லீனுக்குத் தூரத்துச் சொந்தம். எல்மரின் தாத்தாவும் ஃபின்லாந்திலிருந்து வந்தவர்தான். ஆனால் கடலோர ஊர். வீட்டில் பேசியது ஸ்வீடிஷ். வில்ஹோவைப் பொறுத்தவரை இது ஸ்வீடனில் பிறப்பதைவிட மோசம். "நம்ம தண்ணியக் குடிச்சுட்டு அவன் பேச்சப் பேசறவன்" என்பார். எல்மர் வீட்டிலும் ஒரு காலத்தில் வில்ஹோ லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். மறு வாரமே எல்மர் தபால் நிலையத்தில் பத்துப் பேர் முன்னால், "எடுத்துட்டேன். நானே எடுத்துட்டேன். ஒரு மணி நேர வேல" என்றார். எடுத்ததைக்கூட வில்ஹோ மன்னித்திருப்பார். தன்னைக் கூப்பிடாமல் எடுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் கால்வாய்ப் பனியில் இரண்டு பேரின் மீன்பிடிக் குடிசைகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

இந்த மார்ச்சில் ஒரு புதன்கிழமை, தேவாலய நிலவறையில் ஊர்கூடிக் குடிக்கிற தவக்காலச் சூப். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி அணி வெள்ளிக்கிழமை மதியம் தெற்கே போட்டிக்குக் கிளம்புவதாக இருந்தது. இவ்வளவு தூரத்துக்கு எங்கள் ஊர் அணி போவது இதுதான் முதல் தடவை. புது ஜாக்கெட் எடுத்திருந்தார்கள். முதுகில் பெயர் தைக்கும் வேலை டார்லீனுடையது. பாதி முடிந்திருந்தது. வில்ஹோ வாயில் பட்டாணிச் சூப்போடு தன் வழக்கமான பேச்சை எடுத்தார். ஹாக்கியிலிருந்து ஹெல்சிங்கிக்கு வர அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"நம்ம பையன்" என்று அவர் சொன்னதும் எதிரே இருந்த எல்மர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"வில்ஹோ, அந்தப் பையன் வீட்ல என்ன பாஷை பேசுவாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஃபின்லாந்துல என்ன பேசுவாங்க? ஃபின்னிஷ்தான்."

"ஸ்வீடிஷ். எங்க வீடு மாதிரி. அவன் எங்க ஆளு."

வில்ஹோ சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. போதகர் நல்ல மனதோடு கைபேசியை எடுத்துத் தேடினார். நல்ல மனது இருந்தால் சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எல்மர் சொல்றது சரிதான் போல இருக்கே" என்றார். டார்லீன் கரண்டியை நக்கிவிட்டு, "அதான பாத்தேன், வேல இவ்வளவு சுத்தமா இருக்கேன்னு" என்றார்.

வில்ஹோ எழுந்தார். கோட்டை எடுக்காமல், தொப்பியை மட்டும் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அவர் முகம் போன போக்கை யோசித்துப் பார்க்க வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மறுநாள் காலை டார்லீன் என்னைக் கூப்பிட்டார். அவர்கள் சமையலறையில் சாப்பாட்டு மேசை முழுக்க ஜாக்கெட்டுகள். மூலையில் கணினி. திரை ஒரே இருட்டு. மேல் மூலையில், அப்படி ஒரு பாகமே இல்லை என்கிற பொருளில் ஒரு வரி. அதற்குக் கீழே மீட்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லும், அதன் பக்கத்தில் மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடும். மீட்க எவரும் வருகிற மாதிரித் தெரியவில்லை. வில்ஹோ பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த காப்பிக் கெண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணினீங்க?" என்றேன்.

"எடுத்துட்டேன்."

"தம்பி வீட்ட இடிச்சீங்களா?"

"இடிச்சுட்டேன்."

"வாசல்காரன் எங்க?"

கெண்டி தேய்க்கும் சத்தம் நின்றது. "உள்ளதான் இருந்தான்" என்றார்.

ஊரில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவர், கோபத்தில் முறையை மாற்றிச் செய்துவிட்டார். அண்ணன் வீடு அப்படியேதான் இருக்கிறது, டார்லீனின் எழுத்துகள் எல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன. கதவைத் திறந்துவிடத்தான் ஆள் இல்லை.

"சரி, பென் டிரைவக் குடுங்க. திரும்பப் போட்டுருவோம்."

அவர் கை கழுத்துக்குப் போனது. கயிற்றில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. "மீன் குழியில போட்டுட்டேன்" என்றார். இடித்த வேகத்தில் பனிக்கு மேல் நடந்து போய், குடிசைக்குள் குனிந்து, குழிக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறார். திரும்பி வந்து நிம்மதியாகத் தூங்கினாராம்.

"விண்டோஸ் சிடித் தட்டு ஒண்ணு இருந்துச்சே, கம்ப்யூட்டரோட வந்தது?" என்றேன்.

மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். பறவைகள் பழத்தைக் கொத்தாமலிருக்க வில்ஹோ செர்ரி மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தட்டுகளில் அதுவும் ஒன்று. பனிக்காற்றில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. டார்லீன் கோட்டு மாட்டிக்கொண்டு போய் அதை அறுத்து வந்தார். இரண்டு கோடைகாலம் தொங்கியதில் அதன் முதுகெல்லாம் கீறல். கணினி அதை வாங்கி, கொஞ்சநேரம் முனகிவிட்டு, வெளியே தள்ளியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தேன். கொண்டுவாருங்கள், செவ்வாய்க்கிழமை தருகிறோம் என்றார்கள். பனிப்புயல் என்று நூலகம் பூட்டிக் கிடந்தது. பாட்டு ஏற்றியதில் என் பென் டிரைவில் இருந்த லினக்ஸ் எப்போதோ அழிந்துவிட்டது; என் வீட்டு இணையத்தில் புதிதாக இறக்கப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை முடியும் என்று திரை சொன்னது. இங்கெல்லாம் இணையமும் பனியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது.

டார்லீன் ஒரு ஜாக்கெட்டை எடுத்து உதறி விரித்தார். பெயர் நீளம் என்றால் ஒரே வீச்சில் தைக்க முடியாது. முதல் பாதியைத் தைத்துவிட்டுத் துணியை நகர்த்தி மாட்ட வேண்டும். கோல்கீப்பர் பெண்ணின் பெயர் ஹெய்க்கினென். பாதியில் நின்றிருந்தது.

"இந்தப் பொண்ணு அரைப் பேரோட ஐஸ்ல எறங்கணுமா? இன்னும் ஆறு ஜாக்கெட்டுல ஒரு எழுத்துகூட இல்ல. நாளைக்கு மத்தியானம் பஸ்ஸு. ஊரே வழியனுப்ப நிக்கும். அங்க வந்து நான் என்ன சொல்லணும், சொல்லுய்யா. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் எந்தப் பாஷையில அம்மான்னு கூப்பிட்டான்னு என் புருஷனுக்குக் கோவம், அதான் பேரு இல்லன்னு சொல்லவா?"

வில்ஹோ மறுபடி கெண்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷத்துக்கு மேல ஸ்வீடன்காரி சமைச்சுப் போட்டத் திங்கற. அது செரிக்குது. இது செரிக்கலயா?"

அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. யார் என்று கேட்டால், இரண்டு பேரும்தான்.

டார்லீன் ஜாக்கெட்டை மடித்து வைத்தார். "எல்மர்கிட்ட இருக்கு" என்றார்.

"அவந்தான் எடுத்துட்டானே."

"எடுக்கல. செவ்வாக்கெழமதோறும் ஏலக்கா போட்டு நிசு ரொட்டி சுட்டுக் கொண்டு போறேன்ல? ஒவ்வொரு தடவயும் பாக்கறேன். அந்தப் பென்குவின் இளிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. நீ குடுத்த பென் டிரைவும் கதவுகிட்ட ஆணியிலயே தொங்குது."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயே."

வில்ஹோ நாற்காலியில் உட்கார்ந்தார். கெண்டி இன்னும் கையில் இருந்தது. "நான் போய் அவங்கிட்டக் கெஞ்சணுமா?" என்றார்.

"கெஞ்ச வேணாம். போய்க் கதவத் தட்டு. மிச்சத்த ஒன் மொகமே சொல்லிரும்."

துணைக்கு நான் போனேன். முழங்கால் வரை பனி. வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "எல்மர், இந்தப் பக்கமா வந்தேன்" என்று தொடங்கிப் பார்த்தார். புயலில் எந்தப் பக்கமாக வருவது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "எல்மர், ஒன் கம்ப்யூட்டரு எப்பிடி இருக்குன்னு பாக்க வந்தேன்" என்று மாற்றினார். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில், "தம்பி, நீயே பேசிரு" என்றார். முடியாது என்றேன். அந்த ஜாக்கெட்டுகளை நினைத்து எனக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது.

இங்கே பனிக்காலத்தில் யாரும் யாருக்காகவும் கதவைத் திறக்கக் காத்திருப்பதில்லை. தட்டிவிட்டு உள்ளே போய்விடுவோம். போனோம். எல்மர் சமையலறையில் கணினி முன்னால் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பாத்திரம் துடைக்கும் துணியை எடுத்துத் திரைமேல் போட்டார். துணி சின்னது. பென்குவினின் கால் இரண்டும் கீழே தெரிந்தன.

வில்ஹோ அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை எல்மர் பார்த்தார். இரண்டு பேருமே திருட்டுத்தனத்தில் அகப்பட்ட பையன்கள் போல நின்றார்கள்.

"எடுத்துட்டேன்னு சொன்ன" என்றார் வில்ஹோ.

"எடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"போட்ட அன்னைக்கு." எல்மர் துணியை மெல்ல உருவினார். "சீட்டாட்டம் இதுல நல்லா இருக்கு, அதான்."

வில்ஹோ கணினியின் பக்கத்தில் போய், குனிந்து, பின்னால் இருக்கிற ஒயர்களைப் பார்த்தார். மெதுவான குரலில், கேட்கவே பயந்தவர் போல, "பிரிண்டரு?" என்றார்.

"ஓடுது."

"ஓடுதா?"

"நீதான சொன்ன, ஒயரப் புடுங்கித் திரும்பச் சொருகுன்னு. சொருகினேன்."

ஊரில் யாரும் செய்யாத காரியம். எல்மர் ஒரு பொத்தானை அமுக்க, அலமாரிமேல் இருந்த பிரிண்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஒரு தாளைத் துப்பியது. சோதனைத் தாள். நான்கு வண்ணப் பட்டைகள் மட்டும்தான். வில்ஹோ அதை விளக்கடிக்குக் கொண்டுபோய், முன்னும் பின்னும் பார்த்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. புயலில் நடந்து வந்தது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. வாசல்காரன் உள்ளே இருந்ததை, பென் டிரைவை மீனுக்குப் போட்டதை, அரைப் பெயரை. எல்மர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவோர ஆணியிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தூசியை ஊதினார். ஊதிவிட்டு உடனே கொடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை.

"ஸ்வீடிஷ்காரன் எழுதினதாச்சே வில்ஹோ. ஒனக்கு ஒத்துக்குமா?"

வில்ஹோ பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். "எழுதினது ஃபின்லாந்துல ஒக்காந்துதான?"

"ஆமா."

"குளிரு ஃபின்லாந்துக் குளிருதான?"

"வேற எந்தக் குளிரு?"

"அப்ப பாதி எங்களுது" என்றார் வில்ஹோ. கையை நீட்டினார்.

எல்மரும் கோட்டு மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். டக் டக் டக் டக் என்று விரல் குத்த, பென்குவின் வந்தது. லினக்ஸ் ஏறி முடிகிற வரை மேசையில் ஜாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பேரும் சீட்டுப் போட்டார்கள். டார்லீன் காப்பி வைத்தார். மத்தியானத்துக்குள் புது வாசல்காரன் வந்து நின்று எந்த வீடு என்று கேட்டான். அன்று முழுக்க அந்த வீட்டிலிருந்து தையல் மெஷினின் சத்தம் என் சமையலறை வரை கேட்டது. அது நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேருந்து கிளம்பியபோது தீயணைப்பு வண்டி முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போனது. ஊரே கையாட்டியது. கோல்கீப்பர் பெண் திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்; முழுப் பெயர். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டார்கள். பெயர்களில் மட்டும் ஒரு பிசகும் இல்லை என்று ஊர் திரும்பிய பயிற்சியாளர் டார்லீனிடம் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை வில்ஹோ வீட்டுச் சவுனாவில் நீராவிக் குளியலுக்கு எல்மரையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது டார்லீன் என்று வில்ஹோ சொன்னார், வில்ஹோ என்று டார்லீன் சொன்னார். மேல் பலகையில் மூன்று பேரும் துண்டோடு உட்கார்ந்தோம். நடுவில் நான். காது இரண்டும் தீய்ந்துவிடும் போலிருந்தது.

"ஸ்வீடன்காரங்க சவுனால குளிப்பாங்களா என்ன?" என்றார் வில்ஹோ.

"எங்க தாத்தா சவுனாலதான் பொறந்தாரு" என்றார் எல்மர்.

"எந்த ஊர்ல?"

"ஃபின்லாந்துல."

வில்ஹோ ம் என்றார். அந்தச் சவுனாவில், ஆவி எழுப்பச் சூடான கல்மேல் தண்ணீர் வார்க்கிற அகப்பையை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. மருமகன் கேட்டுக் கிடைக்கவில்லை. போதகர் கேட்டுக் கிடைக்கவில்லை. நான் கேட்டதே இல்லை. எவ்வளவு தண்ணீர், எப்போது, எந்தக் கல்லில் என்பது வீட்டுக்காரர் முடிவு. மற்றவர்கள் குனிந்து மூச்சுவிட வேண்டியதுதான். பலகைக்கடியில் இருந்த வாளியை அவர் காலால் இழுத்தார். அகப்பையை முக்கி நிரப்பினார். அடுப்புப் பக்கம் கொண்டுபோன கை பாதியில் நின்றது. ஒரு சொட்டும் சிந்தாமல் அதைத் திருப்பி, என் மடிக்கு மேலாக, பிடி எல்மர் பக்கம் வருகிற மாதிரி நீட்டினார்.